ஆட்டுக்குறி போட்ட கோழிகள்

1

இந்தக் கதை எனக்கு எங்கிருந்து கிடைத்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மதில்மேல் எட்டிப் பார்த்துக் கிடைத்தது. கெட்ட பழக்கம்தான். ஆனால் பக்கத்து வீட்டிலிருந்து, பொழுது சாயும் நேரத்தில், அறுநூறு ஆடுகளை மலையிலிருந்து இறக்குகிற சீழ்க்கை கேட்டால், அந்த வீட்டில் இப்போது ஒரு ஆடுகூட இல்லை என்பதும் தெரிந்திருந்தால், நீங்களும் எட்டித்தான் பார்ப்பீர்கள்.

ஜுமாதில் முற்றத்தின் ஒரு மூலையில் கைகளை விரித்துக்கொண்டு நின்றிருந்தார். எதிர்மூலையில் அவருடைய கிழட்டு நாய் மோய்னோக், வயிற்றைத் தரையில் ஒட்டி, அடுத்த உத்தரவுக்குக் காதைத் தூக்கி வைத்திருந்தது. நடுவில், இன்னும் முட்டையிடாத ஒரு கூட்டம் வெள்ளை வெடைக்கோழிகள். ஜுமாதில் சீழ்க்கை அடித்தார். நாய் இடப்பக்கம் வளைந்து ஓடியது. அட்-பாஷிப் பள்ளத்தாக்கில் இதைவிட அழகாக வளைந்து ஓடும் நாய் கிடையாது. கோழிகள் எல்லாத் திசைகளிலும் பறந்தன.

இதை எப்படித் தொடங்குவது என்று மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன்.

'அக்டோபர் மாதத்தின் மாலைவெயில் மலை முகட்டில் பொன்னை உருக்கி ஊற்றியபோது' [போதும். மாலை என்பது இந்தக் கதையில் அழகுக்கு வரவில்லை, வேலைக்கு வருகிறது.]

'ஜுமாதில் தோற்றுப்போன மனிதர் அல்ல, ஆனால்' [இந்த 'ஆனால்' என்னை எங்கோ சோகமான இடத்துக்கு இழுத்தது. இது சோகக் கதை இல்லை.]

'கோழிக்கு இருட்டில் கண் தெரியாது.'

மூன்றாவது வரி எனக்குப் பிடித்திருக்கிறது. உண்மை, உபயோகமானது, சின்னது. ஆனால் இங்கே வைத்தால் வீணாகிவிடும். எடுத்துப் பத்திரமாக வைத்திருக்கிறேன். வேண்டிய இடத்தில் வரும்.

2

ஆட்கள் அதிகம் இல்லை. ஜுமாதில், அவர் மனைவி உல்கான், அந்தப் பக்கத்து மதிலுக்கு அப்பால் கச்சிபெக். தொலைபேசியில் மட்டும் வருகிற மகள் பெகிமாய். (நேரில் நான் அண்ணன், அக்கா என்றுதான் கூப்பிடுகிறேன். கதைக்குள் அதையெல்லாம் வெட்டிவிட்டேன். மூச்சு வாங்குகிறது.)

கோழிக்கூண்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். அது கூண்டாகப் பிறந்ததில்லை. கோடையில் மந்தையோடு மேய்ச்சலுக்கு ஏறும்போது டிராக்டர் கட்டி இழுத்துப் போகும் தகர வண்டிவீடு அது. நான்கு சக்கரம், ஒரு கதவு, ஒரு சன்னல், உள்ளே இரும்பு அடுப்பு. ஜுமாதிலும் உல்கானும் கோடைதோறும் அதில்தான் குடித்தனம் நடத்தினார்கள். ஜுமாதிலின் முழங்கால் இனி மலை ஏறமாட்டேன் என்று சொல்லிவிட்டது. மந்தை கைமாறியது. வண்டிவீடு முற்றத்திலேயே நின்றுவிட்டது.

இந்த வருடம் உல்கான் அதைத் தேய்த்துக் கழுவி, குறுக்கே கழிகள் கட்டி, கீழே வைக்கோல் பரப்பி, கோழிக்கென்று ஆக்கினார். ஜுமாதில் மறுப்பு ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு நாள் தேநீரை நின்றுகொண்டே குடித்தார், அவ்வளவுதான்.

கோழிக்குஞ்சுகளைச் சந்தையில் வாங்கி, வீட்டு அடுப்புக்குப் பின்னால் அட்டைப்பெட்டியில் வளர்த்தார் உல்கான். மஞ்சள் பஞ்சு உதிர்ந்து வெள்ளை இறகு நிறைந்ததும், இலையுதிர் காலத்தில் வண்டிவீட்டுக்கு மாற்றினார். அன்றைக்கு மாலையே தலைநகர் பிஷ்கெக்கிலிருந்து அழைப்பு வந்தது. பெகிமாய்க்குக் குறித்த தேதிக்கு முன்னாலேயே பிரசவம். அறுவைசிகிச்சை. குழந்தை நலம். தாய்க்குக் கெண்டியைத் தூக்கக்கூடத் தெம்பில்லை. அவள் கணவன் ரஷ்யாவில் கட்டட வேலையில் இருக்கிறான். உல்கான் மறுநாள் காலை வேனில் ஏறினார். வேன் கதவைப் பிடித்துக்கொண்டு அவர் சொன்னது இது:

"கதவத் தொறக்காதீங்க. ஒரு வாரம் உள்ளயே கெடக்கட்டும். தீனியும் தண்ணியும் மட்டும் வைங்க. வேற ஒண்ணும் செய்ய வேணாம். ஒண்ணுமே செய்யாம இருக்கறதுதான் வேல."

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. விளக்கிவிடுகிறேன், எனக்கு இதெல்லாம் விளக்காமல் இருக்க முடியாது. வீடு என்பதைக் கோழி தீனியை வைத்துத் தெரிந்துகொள்வதில்லை. தீனி எங்கே போட்டாலும் தின்னும். அடுத்தடுத்துச் சில இரவுகள் எங்கே தூங்கி, எங்கே விழிக்கிறதோ, அதுதான் அதற்கு வீடு. அது மண்டையில் பதிந்துவிட்டால், பகலெல்லாம் ஊர் சுற்றினாலும் பொழுது சாய்ந்ததும் கால் தானாக அங்கே திரும்பும். வளர்ந்த கோழிக்குப் பழக்கம் உண்டு. வெடைக்கோழிக்கு இல்லை. அதற்கு இருந்த ஒரே வீடு அட்டைப்பெட்டி. அதையும் அடுப்பில் போட்டு எரித்தாயிற்று. ஆகவே ஒரு வாரம் அடைத்து வைக்க வேண்டும். அதுதான் மொத்தப் பயிற்சியும்.

ஜுமாதில் அன்றைக்கு மதியத்துக்குள் கதவைத் திறந்துவிட்டார்.

ஏன் என்றால், சூரியன் மேலே இருக்கும்போது பட்டிக்குள் அடைந்து கிடக்கிற மந்தையைப் பார்த்தால், இந்தப் பக்கத்து மேய்ப்பர்கள் இரண்டே காரணம்தான் நினைப்பார்கள்: சொந்தக்காரன் செத்துவிட்டான், இல்லை குடித்துவிட்டுக் கிடக்கிறான். ஜுமாதில் இரண்டும் இல்லை. தகரத் தரையில் கோழிக்கால்கள் டொக் டொக்கென்று அங்குமிங்கும் நடக்கும் சத்தம் காலையிலிருந்து கேட்டுக்கொண்டே இருந்தது. அந்தத் தரையில் மழைநாட்களில் அவரும் அப்படி நடந்திருக்கிறார்.

[இந்த இடத்தில் சுதந்திரம் பற்றி ஒரு பத்தி இருந்தது. ஜுமாதிலுக்கு வாசித்துக் காட்டினேன். "தம்பி, நான் கதவத்தான் தொறந்தேன்" என்றார். எடுத்துவிட்டேன்.]

3

ஆட்டையும் கோழியையும் ஒன்றாக நினைத்ததுதான் அவர் செய்த பிழை. அது முட்டாள்தனம் இல்லை என்பதை நீங்கள் நம்ப வேண்டும். முப்பது வருடம் ஒரு வேலையைச் சரியாகச் செய்த ஒருவர் அதே வேலையை மறுபடியும் சரியாகச் செய்தார்.

ஆட்டுக்கு ஆபத்து என்று தோன்றினால் பக்கத்து ஆட்டோடு ஒட்டிக்கொள்ளும். பின்னாலிருந்து நெருக்க நெருக்க மந்தை இறுகும். இறுகின மந்தையை உருண்டை பிடித்த மாவுபோல எங்கே வேண்டுமானாலும் தள்ளிக்கொண்டு போகலாம். கோழி அப்படியே தலைகீழ். அதன் பாட்டன் முப்பாட்டன் எல்லாம் காட்டில் நரி வந்தால் ஆளுக்கொரு மரத்துக்குப் பறந்து பிழைத்தவை. நெருக்கினால் சிதறும். எவ்வளவு திறமையாக நெருக்குகிறீர்களோ அவ்வளவு திறமையாகச் சிதறும். ஜுமாதிலும் மோய்னோக்கும் மிகத் திறமையானவர்கள்.

அன்று மாலை கோழிகள் வைக்கோல் போரின் மேலும், விறகுக் குவியலின் மேலும், இரண்டு மூன்று என் மதில் மேலும் உட்கார்ந்துவிட்டன. தண்ணீர் உறையத் தொடங்கிவிட்ட மாதம். வெளியே தங்கினால் உறைபனியில் கொண்டை கருகும். இல்லை மரநாய் வரும்.

பொழுது அடைந்ததும் உல்கானின் அழைப்பு வந்தது.

"என்னங்க, அடைஞ்சாச்சா?"

அடைஞ்சாச்சு என்றார் ஜுமாதில். போனைத் தகரச் சுவரில் வைக்கச் சொன்னார் உல்கான்.

இதுவும் ஒரு நுட்பம். கழியில் ஏறி உட்கார்ந்து உடம்பைத் தளர்த்திய கோழி, தொண்டைக்குள்ளேயே ஒரு ஒலியை உருட்டும். கொக்கரிப்பு இல்லை, முனகலும் இல்லை, சுகமாகப் படுத்த பூனையின் உறுமலுக்குப் பக்கத்தில் வரும். நான் இங்கே இருக்கிறேன், நீ இருக்கிறாயா என்று பக்கத்துக் கோழியைக் கேட்பது போல. கூட்டமாக உள்ளே இருந்தால் தகரமே அதிரும். அதை ஒருமுறை கேட்டவரை ஏமாற்ற முடியாது.

ஜுமாதில் விறகின் மேலிருந்த ஒன்றைப் பிடித்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வண்டிவீட்டுக்குள் போய் நின்று, போனை அதன் வாயருகே நீட்டினார்.

பிறகு உல்கான் சொன்னார்: "அது ஒத்தக் கோழி. அதுவும் உங்க கக்கத்துல இருக்கு. மிச்சமெல்லாம் எங்க?"

ஜுமாதில் ஏதோ சொல்லிச் சமாளித்தார். உல்கான் கோபப்படவில்லை. தான் நாளைக் காலை வேனில் கிளம்பி வருவதாக மட்டும் சொன்னார். குஞ்சிலிருந்து கையில் வைத்து வளர்த்தவர். அங்கே உட்கார்ந்திருந்தாலும் மனசு இருப்புக் கொள்ளாது. ஜுமாதில் கெஞ்சி இரண்டு மூன்று நாள் தவணை வாங்கினார். போனை வைக்கும் முன் பெகிமாய் அதை வாங்கி, அம்மாவுக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்திப் பேசினாள்:

"அப்பா, அம்மாவ வர விட்றாதீங்க. எந்திரிச்சு உக்காரவே எனக்கு ஆள் வேணும்."

ஆகவே கதையில் என்ன பணயம் என்று இனிக் குழப்பம் வேண்டாம். கோழிகள் தாமாகக் கூண்டில் அடைந்தால் தாய் மகளோடு இருப்பார். அடையாவிட்டால் கிளம்பிவிடுவார். எப்படி அடைய வைப்பது என்று உல்கானையே கேட்டிருக்கலாமே என்பீர்கள். கேட்டால் கதவைத் திறந்ததைச் சொல்ல வேண்டும்.

4

அந்த இரவு வெளியே கழிந்தும் கோழிகள் தப்பின. மறுநாள் ஜுமாதில் சீழ்க்கையை விட்டுவிட்டார். நன்றாக இருட்டட்டும் என்று காத்திருந்து, உட்கார்ந்த இடத்திலிருந்து ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு போய் உள்ளே விட்டார். இது சரியான முறைதான். இருட்டில் கோழி மறியலே செய்யாது, பழம் பறிப்பது போலப் பறிக்கலாம். இப்படியே சில நாள் செய்து, பகலிலும் கதவைச் சாத்தி வைத்திருந்தால் காரியம் முடிந்திருக்கும்.

ஆனால் உள்ளே விட்டுவிட்டு நின்று பார்த்தவருக்கு ஒரு சந்தேகம். கூட்டம் பெரிதாகத் தெரிந்தது. கச்சிபெக்கின் மனைவியும் அதே சந்தையில் அதே ஆளிடம் அதே வெள்ளைக் குஞ்சுகளை வாங்கியவர். ஜுமாதில் மதிலோரம் எடுத்ததில் எது யாருடையது?

அறுநூறு ஆடுகளில் ஒன்று குறைந்தால், எண்ணாமலே, இன்னது இல்லை என்று முகத்தைச் சொல்லக் கூடியவர் அவர். கோழிகளுக்கு முகமே இல்லை என்று என்னிடம் குறைப்பட்டுக்கொண்டார். எல்லாம் ஒரே கண், ஒரே மூக்கு, ஒரே திமிர்.

மந்தைகள் கலந்தால் மேய்ப்பன் என்ன செய்வான்? குறி போடுவான்.

கச்சிபெக்கின் கோழிகள் இருட்டில் தனியே பிரிக்கப்பட்டு மதில் தாண்டிப் போய்ச் சேர்ந்தன (எப்படிப் பிரித்தார் என்றால், கச்சிபெக்கின் மனைவி வந்து தன்னுடையவற்றைத் தொட்டுத் தொட்டு எடுத்துக்கொண்டார், எப்படித் தெரிந்தது என்று அவருக்கே தெரியவில்லை). மிச்சத்தை ஒவ்வொன்றாகப் பிடித்து, இடுப்புக்குக் கீழே, வாலுக்குச் சற்று மேலே, தன் குடும்பத்துக் குறியை இழுத்தார் ஜுமாதில். அவர் அப்பா காலத்திலிருந்து அந்த இடம், அந்த நிறம். பட்டையான சிவப்பு.

கடைசிக் கோழிக்கு வரும்போது டப்பாவில் சாயம் தீர்ந்துபோனது. அது வெள்ளையாகவே தப்பித்தது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். வழக்கமாக இப்படிப்பட்ட விஷயத்தை எழுத்தாளர்கள் இலைமறைவாகச் செருகுவார்கள். நான் கையில் கொடுத்துவிடுகிறேன்.

5

இந்தப் பகுதியில் மரநாய் வந்தது. நன்றாகவே எழுதியிருந்தேன், ரத்தம், இறகு, உறைபனியில் காலடித்தடம். பிரச்சினை என்னவென்றால் மரநாய் வரவே இல்லை. மோய்னோக் ராத்திரியெல்லாம் வண்டிவீட்டின் சக்கரத்தடியில் படுத்திருந்தது. யாரும் சொல்லாமலே. நாயின் உழைப்பை ஒரு பத்திக்காக அழிக்க எனக்கு மனசு வரவில்லை.

6

பொழுது விடிந்ததும் வண்டிவீட்டுக்குள் கலவரம்.

கோழிக்குச் சிவப்பு என்றால் தனிப் பித்து. ஒரு கோழியின் மேல் சிவப்பாக ஏதாவது தெரிந்தால், புழுவோ புண்ணோ என்று பக்கத்துக் கோழி ஒரு கொத்துக் கொத்திப் பார்க்கும். கொத்தின இடத்தில் நிஜமாகவே ரத்தம் வரும். அது இன்னும் சிவப்பு. பிறகு எல்லாமும் வந்து கொத்தும். வழக்கமாக ஒரு கோழிக்கு அடிபட்டால்தான் இப்படி நடக்கும். அதை மட்டும் தனியே பிரித்து வைத்தால் சரியாகிவிடும். ஜுமாதில் மொத்தக் கூட்டத்துக்கும் பின்பக்கம் சிவப்புப் பட்டை தீட்டி, ஒரே அறையில் அடைத்து, சன்னல் வழியாகச் சூரியனையும் உள்ளே விட்டிருந்தார்.

அவர் கதவைத் திறந்ததும் ஒவ்வொன்றும் பீறிட்டு ஓடி, மற்றவற்றிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்க முடியுமோ அவ்வளவு தள்ளி நின்றது, பின்பக்கத்தைச் சுவரில் ஒட்டிக்கொண்டு. அன்று மாலை வண்டிவீட்டுப் பக்கமே ஒன்றும் வரவில்லை. முன்பு அது தெரியாத இடம். இப்போது அடி வாங்கின இடம். தூக்கிக்கொண்டு போய் உள்ளே விட்டால் தகரம் இடிபடுகிற மாதிரி அலறின. அந்த நேரம் பார்த்து போன் அடித்தது.

உல்கான் கேட்டுவிட்டுச் சொன்னார்: "ஞாயித்துக்கெழம வேனுக்குச் சீட்டுப் போட்டுட்டேன்."

[இங்கே ஜுமாதில் தனியாக உட்கார்ந்து யோசிக்கும் ஒரு காட்சி தேவைப்படுகிறது. ஆனால் அவர் உட்காரவில்லை. கோழிகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்.]

மறுநாள் காலை மதிலுக்கு மேல் கச்சிபெக்கின் தலை தெரிந்தது. கச்சிபெக்கும் மேய்ப்பர். பக்கத்துப் பக்கத்து மேய்ச்சல் நிலம். அவர் மந்தையின் குறி நீலம். மலையில் இரண்டு மந்தைகளும் கலந்துபோய், சிவப்பா நீலமா என்று இவர்கள் போட்ட சண்டைகள் ஊரில் பிரசித்தம். கச்சிபெக் சும்மா வம்பிழுக்கத்தான் வந்தார்.

"டேய் ஜுமாதில். உன் சிவப்பு ஆட்டுக்கே ஒத்துக்காது. கோழிக்கு எப்படி ஒத்துக்கும்? என் நீலத்தப் போட்டிருந்தா பாரு, இந்நேரம் வரிசையா நின்னு முட்ட போட்டிருக்கும்."

"முட்ட போடற வயசு இன்னும் வரல அதுங்களுக்கு."

"என் நீலத்துக்கு வந்திருக்கும்."

(எனக்குக் கச்சிபெக்கின் மேல் ஒரு சந்தேகம் உண்டு. பதிலை எட்டிப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போவதற்காகவே நான் மதிலில் ஏற்றிவைத்த ஆள் போல இருக்கிறார். ஆனால் அவருக்குக் கோழியைப் பற்றி ஒரு எழவும் தெரியாது. அவர் முப்பது வருடமாகச் சிவப்பைத் திட்டிக்கொண்டிருக்கிறார். இந்த ஒரு தடவை தற்செயலாகச் சரியாகத் திட்டிவிட்டார். இதைச் சொன்னபோது அவர் என்னிடம் ஒரு வாரம் பேசவில்லை.)

ஜுமாதில் பதிலுக்குத் திட்ட வாயெடுத்தவர் நிறுத்தினார். அவர் பார்த்துக்கொண்டிருந்தது சாயம் தீர்ந்துபோன அந்தக் கடைசிக் கோழியை. அது மட்டும் முற்றத்தின் நடுவில், யாரும் கொத்தாமல், யாருக்கும் பயப்படாமல், நிதானமாகக் கிளறி மேய்ந்துகொண்டிருந்தது. நெடுநேரம் பார்த்தார். மந்தையில் ஒரு ஆடு மட்டும் ஏன் நன்றாக இருக்கிறது என்று பார்க்கிற அதே பார்வை.

பிறகு உள்ளே போய், ஆட்டுப் புண்ணுக்குப் பூசும் மருந்தை எடுத்து வந்தார். இங்கே எல்லா மேய்ப்பர் வீட்டிலும் இருக்கிற மருந்து. புண்ணையும் ஆற்றும், சிவப்பையும் மூடும். தோலில் பட்டால் மாதக்கணக்கில் போகாது.

அடர்த்தியான நீலம்.

7

ஒரு மேய்ப்பர் தன் கையாலேயே தன் மந்தைக்கு அடுத்தவன் குறியைப் போடுவது என்றால் என்ன என்று உங்களுக்கு விளங்க வேண்டும். எதைச் சொல்லி ஒப்பிடலாம் என்று யோசித்தேன். 'பெற்ற பிள்ளைக்கு' [வேண்டாம், மிகை.] 'சொந்த வீட்டு வாசலில் அடுத்தவன் பெயர்ப்பலகை' [நெருங்கி வருகிறது.] ஜுமாதிலையே கேட்டேன். "கச்சிபெக் சிரிச்சது வீதிமுனை வரைக்கும் கேட்டுச்சு, தம்பி. அத எழுதிக்க" என்றார்.

கச்சிபெக் சிரித்தார். தன் மந்தை பெருகிவிட்டது என்று தெருவில் போகிறவர்களிடமெல்லாம் சொன்னார். முட்டையில் பாதி தனக்கு வர வேண்டும் என்றார். நீலத்தைக் கொஞ்சம் இடப்பக்கம் தள்ளிப் போடு, எங்கள் குறி அப்படித்தான் என்று மதிலிலிருந்து யோசனையும் சொன்னார். ஜுமாதில் மதிலுக்கு முதுகைக் காட்டினார். இருட்டினதும் வண்டிவீட்டுக்குள் கோழிகளோடு தானும் அடைந்து, மண்ணெண்ணெய் விளக்கைத் தரையில் வைத்து, ஒவ்வொன்றையும் மடியில் கவிழ்த்துப் போட்டு, சிவப்பு தெரியாதபடி மருந்தைப் பூசினார். பிறகு பகல்பூராவும் கதவைச் சாத்தியே வைத்தார், புண் ஆறட்டும் என்று. உல்கான் வேன் கதவைப் பிடித்துக்கொண்டு சொன்னதைத்தான் செய்கிறோம் என்பது அவருக்குச் சனிக்கிழமை விடிந்தபோதுதான் உறைத்தது.

அதற்கு முந்தின மாலையே போனில் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டிருந்தார். கதவு, சீழ்க்கை, சிவப்பு. சிவப்புவரைக்கும் உல்கான் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார். நீலம் என்றதும், "கச்சிபெக் குறியா?" என்று ஒரு தடவை உறுதிப்படுத்திக்கொண்டு, சிரிக்க ஆரம்பித்தவர்தான். பின்னால் பெகிமாய், அம்மா போதும், தையல் பிரிந்துவிடும், என்னையும் சிரிக்க வைக்காதே என்று கெஞ்சுவது கேட்டது.

சிரித்து ஓய்ந்த பிறகு உல்கான் சொன்னார்: "அடைச்சு வைக்கறது வேற, அடையறது வேற. நாளைக்குச் சாயங்காலம் தொறந்து விடுங்க. அதுங்களா உள்ள போச்சுன்னா சீட்ட ரத்து பண்றேன். இல்லன்னா ஞாயித்துக்கெழம வந்துருவேன்."

இனிப் பத்திரப்படுத்திய வரியை எடுக்கிறேன்.

கோழிக்கு இருட்டில் கண் தெரியாது. ஆகவே பொழுது சாயும்போது அது இருட்டை நோக்கி நடக்காது; வெளிச்சம் எங்கே கடைசியாக மிஞ்சியிருக்கிறதோ அங்கே போகும். இப்போது கோழியின் இடத்திலிருந்து பாருங்கள். சூரியன் மலைக்குப் பின்னால் போயிற்று, ஆனால் வானம் இன்னும் வெளுப்பாக இருக்கிறது, வைக்கோல் போரின் உச்சி மினுங்குகிறது. எதிரே கூண்டின் வாசல் ஒரு கருப்பு ஓட்டை. நீங்களாக இருந்தால் எங்கே போவீர்கள்? சில இரவுகள் தூங்கி எழுந்த வீடுதான், உள்ளே போக ஆசைதான். ஆனால் வாசல்வரை வந்து, ஓட்டையைப் பார்த்து, திரும்பிவிடும். பழகின கோழிக்கு இது பிரச்சினை இல்லை, குருட்டுப்பாடமாக ஏறிவிடும். முதல் மாலை மட்டும்தான் கண்டம்.

ஜுமாதில் வெயில் தாழ்ந்ததும் கதவைத் திறந்தார். நாயைக் கட்டினார். கோழிகள் வெளியே வந்து, நீலப் பின்பக்கங்களோடு, சண்டையில்லாமல் மேய்ந்தன. வானம் மங்கியது. அவர் சீழ்க்கை அடிக்கவில்லை, கைகளை விரிக்கவில்லை. எழுந்து போய், வண்டிவீட்டுக்குள் விளக்கை ஏற்றி, சன்னலுக்கு மேலே இருக்கும் கொக்கியில் மாட்டிவிட்டு வந்து, முழங்காலைத் தேய்த்துக்கொண்டு விறகின் மேல் உட்கார்ந்தார்.

வைக்கோல் போர் மங்க மங்க, வண்டிவீட்டின் வாசல் மஞ்சளாகத் துலங்கிக்கொண்டே வந்தது. சாயம் தப்பித்த வெள்ளைக் கோழி முதலில், வாசலில் சாய்த்திருந்த பலகையில் கால் வைத்தது. நின்றது. கழுத்தை நீட்டி உள்ளே பார்த்தது. ஏறிவிட்டது. ஒன்று போனால் மற்றவை போகும், இந்த ஒரு விஷயத்தில் மட்டும் கோழியும் ஆடும் ஒன்று. கடைசிக் கோழி ஏறும்வரைக்கும் ஜுமாதில் மூச்சு விடவில்லை என்று எழுதலாம். மதிலுக்கு இந்தப் பக்கம் நான் விடவில்லை.

கோழிகள் கழியில் ஏறி உட்கார்ந்ததும் விளக்கை அணைத்து, கதவைச் சாத்தி, போனைத் தகரத்தில் வைத்தார்.

உல்கான் நெடுநேரம் கேட்டுக்கொண்டே இருந்தார்.

"எல்லாம் உள்ள இருக்கு" என்றார் கடைசியில். பிறகு: "வெளக்கு வச்சீங்களா?"

"ம்."

"எங்க?"

"சன்னல்ட்ட. கொக்கில."

"கொக்கில" என்று உல்கான் தனக்குள் சொல்லிப் பார்த்தார். குழந்தை சிணுங்கியது. "சரி" என்றார் உல்கான். "சீட்ட ரத்து பண்ணிர்றேன். மருமகன் வர்ற வரைக்கும் இங்கயே இருக்கேன்."

8

கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். முடியாததற்குக் காரணம் அந்தக் கொக்கி.

உல்கான் திரும்பி வந்த பிறகு, இருவரையும் உட்காரவைத்து இதுவரை எழுதியதை வாசித்துக் காட்டினேன். தேநீரும் புதிதாகப் பொரித்த மாவுருண்டையும் நடுவில் இருந்தன. ஏழாவது பகுதியில் உல்கான் கையை நீட்டி நிறுத்தினார்.

மேய்ச்சலில் இருந்த காலத்தில், மாலையில் அதே கொக்கியில், அதே விளக்கைத்தான் உல்கான் மாட்டுவாராம். பனிமூட்டம் இறங்கினாலும் மந்தையோடு வருகிறவருக்கு வண்டிவீடு எங்கே என்று தெரிய வேண்டும். கோழிக்கு விளக்கு வைக்க வேண்டும் என்று அவர் போனில் சொல்லவே இல்லை. சொல்ல நினைத்து, சிரிப்பில் மறந்துவிட்டார். யாரும் சொல்லாமல் இவருக்கு எப்படித் தோன்றியது? தரையில் வைத்திருக்கலாமே? அடுப்பின் மேல் வைத்திருக்கலாமே? நுனிக்காலில் எக்கி, வலிக்கிற முழங்காலோடு, கொக்கியில்?

"இவரு நெனச்சுப் பாத்திருக்காரு" என்றார் உல்கான் என்னிடம், ஜுமாதில் அறையிலேயே இல்லாத மாதிரி. "அப்படியே எழுது."

ஜுமாதில் மாவுருண்டையைத் தேநீரில் தோய்த்தார்.

"தரைல வச்சா வைக்கோல் தீப்புடிக்கும். அதான். அத எழுது, தம்பி."

"மருந்து பூசறப்ப தரைலதான வச்சீங்க? அப்ப தீப்புடிக்கலையா?" என்றார் உல்கான்.

"அப்ப நான் உள்ள இருந்தேன்."

"பாத்தியா, எப்படிப் பேசறாரு பாரு."

நான் இரண்டு முடிவுகளையும் எழுதினேன். ஒன்றில் ஜுமாதில் அந்த மாலையில் சன்னலைப் பார்க்கிறார், மலைச்சரிவும் மூட்டமும் தூரத்து மஞ்சள் புள்ளியும் ஞாபகம் வருகிறது, விளக்கை எடுக்கிறார். மிக நன்றாக இருந்தது. உல்கான் இரண்டு தடவை வாசிக்கச் சொன்னார். ஜுமாதில் எழுந்து விறகு எடுக்கப் போய்விட்டார். இன்னொன்றில் வைக்கோல் தீப்பிடிக்கும். இதுவும் சரியாகத்தான் இருக்கிறது. எந்த விவசாயக் கையேட்டிலும் போடலாம்.

மூன்றாவது ஒன்று கச்சிபெக் மதில்மேலிருந்து கொடுத்தது: நீலக்குறி போட்ட மந்தை, தன் சொந்தக்காரரின் ஆசியால் தானாக அடைந்தது. அதை வாங்கி வைத்திருக்கிறேன்.

என்னால் தேர்ந்தெடுக்க முடியவில்லை. பின்னாலிருந்து நெருக்கிப் பார்த்தேன், சிதறுகிறது. ஆகவே அந்த வாக்கியத்தைப் பாதியில் விடுகிறேன். நீங்களே முடித்துக்கொள்ளுங்கள்:

அன்று மாலை ஜுமாதில் விளக்கைக் கொக்கியில் மாட்டினார், ஏனென்றால்

உங்களுக்கு உதவியாக ஒரே ஒரு தகவல். கோழிகளுக்கு இப்போது விளக்கு தேவையில்லை. வழி பதிந்துவிட்டது, இருட்டுக்குள்ளேயே தடதடவென்று ஏறி அடைந்துவிடுகின்றன. முட்டையும் போடத் தொடங்கிவிட்டன. ஆனால் பொழுது சாயும்போது வண்டிவீட்டுச் சன்னலில் விளக்கு இன்றைக்கும் எரிகிறது.

ஏற்றுவது யார் என்று மதிலுக்கு இந்தப் பக்கத்திலிருந்து எனக்கு நன்றாகத் தெரியும். சொல்லமாட்டேன்.